ஆறு சென்டிமீட்டர்

இரவு பதினொன்றே கால்.
படப்பை மனை விளம்பரம்
கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது.
பதினான்காம் பக்கத்தின் அடியில்
ஒற்றைப் பத்தி அகலத்தில்
ஆறு சென்டிமீட்டர் வெள்ளை.
"எதையாவது வச்சு அடை" என்கிறார் பூவராகன்,
ஐபிஎல் கடைசி ஓவரிலிருந்து
கண்ணை எடுக்காமல்.

ஏஜென்சிக் குவியலைக் கிளறினேன்.
இங்கிலாந்திலிருந்து இரண்டு வரி:
பழைய ஸ்பீட்வே தடம் ஒன்றை மூடுகிறார்கள்,
அங்கே வீடுகள் வரும்.
(அங்கே மனை வந்து பந்தயம் போகிறது.
இங்கே மனை போனதால்
பந்தயத்துக்கு இடம்.)
அடுத்தது போலந்து, நான்கு வரி.
நான்கு பேர், நான்கு சுற்று,
ஒரு நிமிடம்.
இடப்பக்கம் மட்டுமே திரும்பும் மண்தடம்.
ஒரே கியர்.
பிரேக் கிடையாது.

எதிர்வீட்டு இருதயராஜ்
டோரூனில் ஒரு குளிர்பதனக் கிடங்கில்
பெட்டி அடுக்குகிறான்.
ஞாயிறுதோறும் குரல் அனுப்புவான்,
பின்னணியில் ஊரே ஊதும் பீப்பி.
"அண்ணே, இங்க சலூன்காரன்கூட
எவன் எந்த வளைவுல விழுந்தான்னு
முடி வெட்டி முடிக்கிற வரைக்கும் பேசுறான்.
மழை வந்து பந்தயம் நின்னா
அது முதல் பக்கம்ணே."

மழை நமக்கும் முதல் பக்கம்தான்.
காரணம் வேறு.

இங்கே 'பைக் ரேஸ்' என்று தட்டினால்
குற்றப் பிரிவிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்:
"எத்தனை பேரைப் பிடிச்சாங்க?
மெரினாவா, ஈசிஆரா?"
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில்
ஒரே படம்தான் இருக்கிறது:
முகம் கவிழ்ந்த பையன்கள்,
பறிமுதலான வண்டிகள்,
இரு ஓரமும் காக்கி.
இருங்காட்டுக்கோட்டையில்
முறையாக ஓட்டித் தோற்பவனுக்கு
அந்தப் படம்கூட இல்லை.

தலைப்பு வேண்டும்.
'மண்தடப் பந்தயம்' என்றால்
மாட்டுவண்டி என்பார்கள்.
'ஸ்பீட்வே' என்றால்
நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று
சாலை மறியலே நடக்கும்.
'போலந்தில் பறந்த புழுதி' என்று வைத்தேன்.

பூவராகன் படித்தார்.
'பிரேக் கிடையாது'வை மட்டும்
பேனாவால் சுழித்தார்.
"பசங்க படிப்பாங்கய்யா."
"சார், முன்னால போறவன் சட்டுனு நிறுத்த முடியாது,
பின்னால வர்றவனுக்கு அதுதான் சார் பாதுகாப்பு."
"இதை அண்ணா சாலையில போய்ச் சொல்லு."
மூன்று வரியாய் அச்சுக்குப் போனது.
மீந்த இடத்தில் ஒரு கோடு.

மறுநாள் மாலை தொலைபேசி.
புதுப்பேட்டையிலிருந்து நூருல்லா,
பழைய இன்ஜின் பிரித்து விற்கிறவர்.
"சார், அந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாதே,
முக்கியமானதை விட்டுட்டீங்களே!"

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது.

"மொபைல்ல பாப்பேன் சார்.
போலந்துக்காரன் போலந்து பாஷையில கத்துவான்,
ஒரு எழவும் புரியாது.
எவனாவது விழுந்தா மட்டும்
அவனும் நானும் ஒரே மாதிரி 'அய்யோ'தான்.
கடையில யார்கிட்டயும் சொன்னதில்ல.
கிரிக்கெட்டுக்கு எதிரின்னு நினைச்சுக்குவாங்க.
அடுத்த வாரமும் வருமா?"

எதிரே திரையில் நாளைய பதினான்காம் பக்கம்.
படப்பை திரும்பி வந்திருந்தது,
இம்முறை நான்கு பத்தி அகலத்தில்,
தென்னை மரம், நீச்சல் குளத்தோடு.

"பார்க்கலாம்" என்றேன்.
அந்தச் சொல்லின் நீளம்
அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
ஆனால் அவர் வைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சார்.
ஜெயிச்சவனுக்கு மூணு புள்ளி,
அடுத்தவனுக்கு ரெண்டு, அப்புறம் ஒண்ணு.
நாலாவதா வந்தவனுக்கு சைபர்.
என்னைக்காவது போட்டீங்கன்னா
அவன் பேரையும் போடுங்க.
அவனும் அதே நாலு சுத்துதானே."

துண்டுத் தாள் ஒன்றை இழுத்தேன்.
"சொல்லுங்க" என்றேன்,
"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."